ஏழாம் நம்பர் இல்லாத கதவு

உதவி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால்கூட, பதிலுக்கு என்ன கேட்கப்போகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. நான் பிறவியிலேயே இப்படி இல்லை. எங்கள் தீவில் ஃபீனிக்ஸ் பே பக்கம் ஓர் அரசு அலுவலக வராண்டாவில் ஒரு மரப் பெஞ்சு கிடக்கிறது. அதில் பல நாள் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் இப்படி ஆனேன்.

பாம்பூஃபிளாட்டில், படகுத்துறைக்குப் பின்னால், ஒரு கதவுக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். கம்பெனி என்றால் தகரக் கொட்டகை, ஒரு சூட்டு பிரஸ், ஓர் அறுப்பு மெஷின், பன்னிரண்டு ஆட்கள், ஒரு முதலாளி. உள்ளே மரக்கட்டைகளை அடுக்கி, இரண்டு பக்கமும் கோந்து தடவி, மெல்லிய பலகை ஒட்டி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் கதவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசாங்க குவார்ட்டர்ஸ் எல்லாவற்றுக்கும் எங்கள் கதவுதான் போகும். தமிழ், தெலுங்கு, வங்காளம் என்று பன்னிரண்டு பேரும் வீட்டில் ஆளுக்கொரு பாஷை. கொட்டகைக்குள் எல்லாருக்கும் இந்திதான்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் கோந்து தடவி அடுக்கினார்களோ, அவர்கள் தங்கள் நம்பரைக் கதவின் தலைப்பக்கத்து விளிம்பில் பென்சிலால் எழுத வேண்டும். பக்கவாட்டு விளிம்பைத் தச்சர் இழைத்துவிடுவார். கீழ் விளிம்பைத் தரைக்குத் தக்கபடி வெட்டிவிடுவார்கள். தலைப்பக்கத்தை மட்டும் யாரும் தொட மாட்டார்கள், பெயிண்டர்கூட அங்கே பிரஷ் வைக்க மாட்டார். இந்தத் தீவு மழைக்குக் கதவு உப்பிப் பிரிந்துகொண்டு வந்தால், முதலாளி தலைப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, யாருடைய நம்பரோ அவர்களைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்குவார். என் நம்பர் ஏழு. பத்தொன்பது வருடத்தில் மூன்று முறை வாங்கிக்கொண்டேன். மூன்றும் இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம் சைனா கதவு வந்தது. சென்னையிலிருந்து கப்பலில் கன்டெய்னர் கன்டெய்னராக இறங்கியது. உள்ளே மரமே இல்லை, தேன்கூடு மாதிரி மடித்த அட்டைதான். ஒரே ஆளாக இரண்டு கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். நாங்கள் மரம் வாங்கும் விலைக்கு அவர்கள் கதவே கொடுத்தார்கள். கடைக்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பதை விட்டார்கள். மிச்சமிருந்தது அரசாங்க ஆர்டர் மட்டும்தான், அதுவும் தீவிலேயே செய்த பொருளுக்கு முன்னுரிமை என்று ஒரு விதி இருந்ததால்.

முதலாளி அந்த விதியைத்தான் பிடித்துக்கொண்டார். ஒருநாள் காலையில் கொட்டகைக்குப் போனால் சைனா கதவு ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தது. பிரஸ் குளிர்ந்து கிடந்தது.

"இதுல இருக்கற ஸ்டிக்கர எடுத்துட்டு நம்ம ஸ்டிக்கர ஒட்டுங்க. கொஞ்ச நாளைக்குத்தான். ஆர்டர் கையவிட்டுப் போயிடுச்சுன்னா கம்பெனியே பந்த் ஆயிடும், அப்புறம் நீங்களும் இல்ல, நானும் இல்ல" என்றார்.

நாங்கள் ஒட்டினோம். பன்னிரண்டு பேரும்தான் ஒட்டினோம். யாரும் எங்கள் கையைப் பிடித்து முறுக்கவில்லை. வேலை தப்பித்தது என்று சந்தோஷமாகவே ஒட்டினோம், இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை மிதமாகச் சுட வைத்து ஒரு துணி போட்டுத் தேய்த்தால் பழைய ஸ்டிக்கர் தழும்பில்லாமல் உரிந்து வரும் என்று கண்டுபிடித்ததே நான்தான். முதலாளி என்னைக் கெட்டிக்காரி என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான், எதற்கென்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் நாங்கள் செய்யவில்லை. அந்தக் கதவுகளின் தலையில் நம்பர் எழுதவில்லை. எவனோ செய்த அட்டைக் கதவு உப்பினால் நாம் ஏன் திட்டு வாங்க வேண்டும் என்றாள் என் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவள், ஒன்பதாம் நம்பர். என்னைவிட ஆறு வயது சின்னவள். எனக்கு அடுத்த தெருவில் வீடு. நான்தான் அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அவள் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. முதலாளிக்கு அந்த நினைப்பே வரவில்லை.

எட்டு மாதம் இப்படி ஓடியது. ஒன்பதாம் மாதம் முதலாளி பிரஸ்ஸை விற்றார். அதே கொட்டகையில் கண்ணாடி வைத்து, பெயிண்ட் அடித்து, சைனா கதவுக் கடை திறந்தார். கடைக்கு இரண்டு பேர் போதும் என்று தன் மைத்துனர் மகன்களை வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் உதவித் திட்டம் என்று ஒன்று வந்தது. வெளிநாட்டுச் சரக்கால் வேலை இழந்த தொழிற்சாலை ஆட்களுக்கு ஆறு மாதப் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் படிப்பணம், முடித்தால் அரசாங்கப் பட்டறையில் நிரந்தர வேலை. நாற்பத்தேழு வயதில், பத்தாவது தாண்டாத எனக்கு இந்த ஊரில் நிரந்தர வேலை என்று ஒன்று வேறு எங்கே கிடைக்கும்? என் வீட்டுக்காரர் முதுகு ஒடிந்து நான்கு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். எங்கள் வீட்டில் சம்பாதிக்கிற கை என்னுடையது மட்டும்தான். எனக்கு அந்த இடம் வேண்டும். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், வேறு எதையும் நான் அவ்வளவு வேண்டும் என்று நினைத்ததில்லை.

பன்னிரண்டு பேரும் ஒன்றாக மனு கொடுத்தோம். பாம்பூஃபிளாட்டில் ஃபெரி ஏறி, சாத்தமில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போய், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, இன்று அதிகாரி சாப் இல்லை, நாளை வா என்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். நாலைந்து தடவை இப்படியே ஆனது. கடைசியில் ஒருநாள் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். மெயின்லாந்திலிருந்து மாற்றலாகி வந்த தமிழர். தமிழர் என்றதும் என்னோடு வந்தவர்கள் என்னை முன்னால் தள்ளினார்கள். ஒன்பதாம் நம்பர் எனக்குப் பின்னால் நின்றாள். மற்றவர்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அம்மா, உங்க கம்பெனி இறக்குமதியால பாதிக்கப்பட்டதா ரெக்கார்டுல இல்லையே. கடைசி வருஷம் சப்ளை ஜாஸ்தியாதான் ஆகியிருக்கு. ஓனரும் சொந்தக் காரணத்துக்காக மூடினேன்னு எழுதிக் கொடுத்திருக்காரு."

"சார், அது எங்க கதவு இல்ல சார். சைனா கதவு."

"எப்படிம்மா? ஸ்டிக்கர் உங்க கம்பெனிது. இதோ, இந்த ரூம் கதவே போன வருஷம் மாத்தினதுதான். நல்லாத்தானே இருக்கு?" சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பொய் சொல்ல வந்த கிழவியைப் பிடித்துவிட்டேன் என்கிற சிரிப்பு அது.

நான் கதவைப் பார்த்தேன். கைப்பிடிக்குக் கீழே எங்கள் ஸ்டிக்கர், கொஞ்சமும் கோணாமல் ஒட்டியிருந்தது. அவ்வளவு நேராக ஒட்டுகிறவள் நான் ஒருத்திதான். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எதிரே இருந்த ஸ்டூலை இழுத்துக் கதவுப் பக்கம் போட்டு ஏறினேன்.

"அரே, க்யா கர்ரஹே ஹோ, என்ன பண்றீங்க!" என்று பியூன் ஓடி வந்தார்.

தலைப்பக்கம் முழுக்கத் தூசி. முந்தானையால் துடைத்தேன். பென்சில் கோடே இல்லை. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெஷின் வெட்டிய மொழுமொழு விளிம்பு.

"இங்க நம்பர் இல்ல சார். நாங்க செஞ்ச கதவுன்னா நம்பர் இருக்கும். உங்க பழைய கதவு எதுனாச்சும் இருந்தா காட்டுங்க."

பக்கத்தில் ஃபைல் வைக்கும் அறைக்குப் பழைய கதவு. அதையும் ஏறித் துடைத்தேன். அழுத்தி எழுதிய ஒன்பது, அதன் கீழே ஒரு கோடு. அவள் அப்படித்தான் எழுதுவாள், ஆறோடு குழம்பிவிடக்கூடாது என்று. பியூனை ஏறிப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, "ஹாங் சார், நௌ லிக்கா ஹை, ஒன்பது இருக்கு" என்றார்.

அதிகாரியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "சரி. அப்போ இந்த ஸ்டிக்கர ஒட்டினது யாரு?"

நான் யோசித்திருக்கலாம். ஸ்டூலில் நின்றபடி, இவரை மடக்கிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். "நான்தான் சார் ஒட்டினேன்" என்றேன்.

ஒன்பதாம் நம்பர் மெல்லப் பின்வாங்கி வராண்டாவுக்குப் போய்விட்டதைக் கவனித்தேன்.

"இத எழுதிக் கொடுப்பீங்களா?" என்றார் அதிகாரி. "எழுதிக் கொடுத்தா இன்க்வைரி போடலாம். இல்லேன்னா இந்த மனு இன்னிக்கே குளோஸ்."

யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கினேன்.

திரும்பி வரும் ஃபெரியில் பதினொரு பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். என்ன வாய் அது, அப்படியே உளறிவிட்டாயே, கேஸ் போட்டால் எல்லாரும் உள்ளே போக வேண்டியதுதான் என்று மாறி மாறித் திட்டினார்கள். இந்தியில் கொஞ்சம், தெலுங்கில் கொஞ்சம், அவரவர் பாஷையில் மனதுக்குள் மீதி. நான் விட்டுக்கொடுக்கவில்லை. எழுதாவிட்டால் பன்னிரண்டு மனுவும் குப்பைக்குத்தான் போகும், கம்பெனி ஏன் மூடியது என்று சொல்ல வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள் என்றேன். யாரிடமும் வழி இல்லை. பயம் மட்டும் நிறைய இருந்தது.

பாம்பூஃபிளாட்டில் இறங்கும்போது ஒன்பதாம் நம்பர் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எழுதுறதுன்னா எழுதிக்குங்க. ஆனா எங்க பேர மட்டும் இழுத்துடாதீங்க. ஒங்களக் கெஞ்சிக் கேக்குறேன்."

"இழுக்க மாட்டேன், போடி" என்றேன்.

சொன்னபடியே செய்தேன். மறுநாள் போய் எழுதிக் கொடுத்தேன். சைனா கதவு எப்போது வந்தது, பிரஸ் எப்போது நின்றது, முதலாளி என்ன சொன்னார், நான் எப்படி உரித்தேன், எப்படி ஒட்டினேன், எந்தெந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்தக் கதவு போனது, எல்லாம் நான்கு பக்கம். மற்றவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அதிகாரி படித்துவிட்டு, "தைரியம்தான்மா உங்களுக்கு" என்றார். முட்டாள்தனத்துக்கு அலுவலகத்தில் அதுதான் பெயர் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

விசாரணை நடந்தது. பள்ளிக்கூடங்களில் ஏணி போட்டுக் கதவுத் தலைகளைப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு மனம் குளிர்ந்தது. இரண்டு மாதம் கழித்துக் கம்பெனி இறக்குமதியால் மூடியதுதான் என்று முடிவாகி, பயிற்சிக்குத் தேர்வானவர்களின் பட்டியலை அதே வராண்டாவில் ஒட்டினார்கள்.

பதினொரு பெயர் இருந்தது. மேலிருந்து கீழே மூன்று தடவை படித்தேன். என் பெயர் இல்லை.

டைப் அடிக்கும்போது விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். உள்ளே போய் அதிகாரியிடம் அப்படியே சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் ஃபைலைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

முதலாளியின் லெட்டர் பேடில் ஒரு கடிதம். கம்பெனிக்கு ஆர்டர் குறைந்துபோனதை மறைக்க, மூத்த தொழிலாளி ஒருவர் முதலாளிக்குத் தெரியாமல் வெளிநாட்டுக் கதவுகளில் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டினார், வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை என்று எழுதியிருந்தது. கீழே சாட்சிகள். பதினொரு கையெழுத்து. தெலுங்கில் இரண்டு, வங்காளத்தில் நான்கு, இந்தியில் ஒன்று, மீதி தமிழ். கடைசியில் இருந்தது ஒன்பதாம் நம்பரின் கையெழுத்து. அவளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததும் நான்தான், சம்பளப் பேரேட்டில் கைநாட்டு வைக்கக் கூச்சமாக இருக்கிறது என்று அவள் அழுததால்.

"கன்டெய்னர் கன்டெய்னரா வந்துச்சு சார். முதலாளிக்குத் தெரியாம நான் தலையில தூக்கிட்டு வந்தேனா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா ஒங்க ஸ்டேட்மென்ட்லயும் நீங்க மட்டும்தான் ஒட்டினதா இருக்கு, இதுலயும் அப்படித்தான் இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகுது. முறைகேட்டுல சம்பந்தப்பட்டவங்களுக்கு உதவி கிடையாதுன்னு ரூல். கேஸ் போடாம விட்டதே பெரிய விஷயம்." ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னார்: "அப்பீல் பண்ணலாம். கூட வேலை பார்த்தவங்க ரெண்டு பேர், எல்லாரும் சேர்ந்துதான் ஒட்டினோம், ஓனர் சொல்லித்தான் ஒட்டினோம்னு எழுதிக் கொடுக்கணும். முப்பது நாள் டைம் இருக்கு."

ரூல் என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்கப்போவதில்லை. ஃபைல் மூடுவதற்கு அவருக்கு ஒரு குற்றவாளி போதும். வாசலுக்கே வந்து, தன் கையெழுத்தில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தவளைவிடச் சௌகரியமான குற்றவாளி யார் கிடைப்பார்?

பதினொரு பேரில் இரண்டு பேர். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது. நான் நேராக ஒன்பதாம் நம்பரின் வீட்டுக்குப் போனேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. வாங்க என்று சொல்லவில்லை.

"முதலாளி கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தாருக்கா. ஒங்க யார்மேலயும் கேஸ் வராம நான் பாத்துக்குறேன், கையெழுத்துப் போட்டா ஒங்களுக்கு இடம் உறுதின்னாரு. எல்லாரும் போட்டாங்க. நான் மட்டும் எப்பிடிக்கா போடாம இருக்கறது?"

"சரி, போட்ட. இப்போ எனக்கு ஒண்ணு எழுதிக் கொடு. எல்லாரும் சேந்துதான் ஒட்டினோம்னு. உண்மைய எழுதச் சொல்றேன், பொய்ய இல்ல."

அவள் தலை குனிந்தபடி மீனைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள். கழுவ அதில் இனி ஒன்றும் இல்லை.

"அப்பிடி எழுதினா எம் பேரும் போயிடுமேக்கா" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஒட்டியவர்களுக்கு உதவி கிடையாது. நான் ஒட்டவில்லை என்று நிரூபிக்க முடியாது. அவள் ஒட்டினாள் என்று அவளே சொன்னால், முதலாளி கடிதத்தில் போட்ட கையெழுத்தும் பொய்யாகி, அவளும் என்னோடு வெளியே வந்து நிற்பாள். எனக்காக ஒருத்தி பேச வேண்டும் என்றால் அவள் தன் இடத்தை விட வேண்டும். இப்படி ஒரு விதியை உட்கார்ந்து எழுதியவன் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிறவனாகத்தான் இருக்க வேண்டும். அவளிடம் நான் வேறு எதுவும் கேட்கவில்லை. பாவம் என்று அவளை விட்டுவிட்டு வந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே இன்னும் ஒரு நிமிடம் நின்றால் அந்த மீன் சட்டியை எடுத்து அவள் தலையில் கவிழ்த்திருப்பேன், அதனால்தான் வந்தேன்.

மற்ற பத்துப் பேர் வீட்டுக்கும் போனேன். ஓர் இடத்தில் ஆள் இல்லை என்று பிள்ளையைவிட்டுச் சொல்லவைத்தார்கள். ஓர் இடத்தில் மிஷ்டி என்று இனிப்புக் கொடுத்தார்கள், பட்டியலில் பெயர் வந்த சந்தோஷத்துக்கு. மற்ற இடங்களில் சொன்னது எல்லாம் மீன் கழுவியவள் சொன்னதுதான், பாஷை மட்டும் வேறு. முப்பது நாளும் போனது.

இப்போது நான் மத்தியானத்துக்கு மேல் பாம்பூஃபிளாட்டில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறேன். காலையில் எனக்கு வேலை இல்லை. அவர்கள் பதினொரு பேரும் எட்டு மணி ஃபெரியில் பயிற்சிக்குப் போகிறார்கள். புது நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. முதல் வாரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து நானும் எட்டு மணி ஃபெரியில் ஏறுகிறேன். ஒன்பதாம் நம்பருக்கு நேர் எதிரே உட்காருகிறேன். ஒரு வார்த்தை பேசுவதில்லை, திட்டுவதில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். அவள் இடத்தை மாற்றினால் நானும் மாற்றுகிறேன். சாத்தம் வரும்வரை பதினொரு பேரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

சாத்தமில் அவர்கள் இறங்கி பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. அதே ஃபெரியில் திரும்பி வந்துவிடுகிறேன்.